வேரைப் பார்த்த பிறகே மருந்து

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் ஒரு மாதத்திற்கு முன்னால் போன் செய்து, "தம்பி, இந்த வருஷம் நீ பேசுறே. தலைப்பு உன் இஷ்டம்" என்றார். நான் சிவில் படித்தவன். சாலை போடுவதும் அதற்கு வடிகால் கட்டுவதும் என் பிழைப்பு. அதனால் மேம்பாலம் பற்றி ஏதாவது பேசுவேன் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். "மிளகாய்ச் செடியில் வேரழுகல் நோயைக் கண்டுபிடிப்பது எப்படின்னு பேசுறேண்ணே" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு மெதுவாக, "நீ சிவில்தானேப்பா?" என்று கேட்டார்.

சிவில்தான். அதனால்தான் இந்தப் பேச்சே. உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுத் தொடங்குகிறேன். நம் ஹாஸ்டலில் இருந்தவர்களில் பாதிப்பேர் விவசாய வீட்டுப் பிள்ளைகள். இன்று நாம் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் தாண்டியும் இருக்கிறோம். ஊரில் அப்பா இன்னும் வயலில் நிற்கிறார். அவர் போனில், "செடி ஒரு மாதிரியா இருக்கு தம்பி" என்று சொன்னதும், இருந்த இடத்தில் இருந்துகொண்டே வைத்தியம் சொல்லாதவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

(சிரிப்பு)

ஒரு கைகூட எழவில்லை. நல்லது. நானும் அப்படிச் சொன்னவன்தான். அப்படிச் சொல்லி ஒரு ஏக்கர் மிளகாயைக் கொன்றவன். அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டம், முதுகுளத்தூர் பக்கம். எங்கள் பக்கத்து மிளகாய் நீளமாக இருக்காது, உருண்டையாக இருக்கும். தோல் தடிப்பு. முண்டு மிளகாய் என்போம், குண்டு மிளகாய் என்றும் சொல்வார்கள். 2023-இல் 'ராமநாதபுரம் முண்டு மிளகாய்' என்று புவிசார் குறியீடு கிடைத்த அதே மிளகாய்தான். புரட்டாசி, ஐப்பசியில் மழையை நம்பி விதைத்து, மாசியிலிருந்து பழம் எடுத்து, களத்தில் காயவைத்து வத்தலாக்கி விற்பது எங்கள் வழக்கம். கடையில் விதைப் பாக்கெட் வாங்குகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. செடி நன்றாக நிற்கிற காலத்தில் அப்பா வயலில் நடந்து பார்த்து, காய்ப்பும் வடிவமும் நல்லதாக உள்ள நாற்பது, ஐம்பது செடிகளைத் தேர்ந்தெடுத்து, ஆத்தாவின் பழைய சேலையைக் கிழித்து அடையாளத்துக்குத் துணி கட்டிவிடுவார். அந்தச் செடிகளின் பழம்தான் அடுத்த வருஷத்து விதை. தாத்தா காலத்திலிருந்து இப்படியேதான் வந்திருக்கிறது.

2021 பொங்கல் சமயத்தில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். ஜனவரி மாதத்தில் அப்படி ஒரு மழையை எங்கள் ஊர்ப் பெரியவர்களே பார்த்ததில்லை என்றார்கள். எங்களுடையது இரண்டு ஏக்கர். கரிசல் மண். மேல்கடைசி மேடு, கீழ்க்கடைசி பள்ளம். பள்ளத்தில் மூன்று நாள் தண்ணீர் நின்றது, பிறகு வடிந்துவிட்டது. செடி தப்பித்தது என்று நினைத்தோம்.

மூன்று வாரம் கழித்து அப்பா பேசினார். "தம்பி, கீழ்க்கடைசியில பத்துப் பதினஞ்சு செடி மத்தியானமா தொவண்டு போய் நிக்குது. இலை பச்சையாத்தான் இருக்கு." சித்தப்பா மகன் போட்டோ எடுத்து அனுப்பினான். பார்த்தேன். இலை தொங்குகிறது, மண்ணின் மேல்பக்கம் வெடித்திருக்கிறது. எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்: செடி வாடினால் தண்ணீர் பற்றவில்லை. "மழை நின்னு மூணு வாரம் ஆச்சுப்பா. பண்ணைக்குட்டைத் தண்ணியத் திறந்து விடுங்க" என்றேன். அப்பா கொஞ்சம் தயங்கினார். "அடியில ஈரம் இருக்கற மாதிரித்தான் தெரியுது" என்றார். "அத நம்பாதீங்க, விடுங்க" என்றேன். படித்த பிள்ளை சொல்லிவிட்டானே என்று அவரும் இன்ஜினை ஓட்டினார்.

பத்தே நாளில் பதினைந்து செடி இருநூறு ஆனது. அதுவும் எப்படி? தண்ணீர் ஓடிய சால் வழியே, வரிசை வரிசையாக. உடனே மருந்துக்கடைக்கு ஓடினார்கள். கடைக்காரர், "வாடல் நோய்க்கு இதுதான்" என்று கார்பென்டாசிம் பொடியைக் கொடுத்தார். கலக்கித் தூரில் ஊற்றினார்கள். நிற்கவில்லை. அடுத்த வாரம் இன்னொரு டப்பா. அம்மாவின் செயின் ஏற்கெனவே அடகில்தான் இருந்தது. மருந்துக்கு மட்டும் கைமாற்று வாங்கினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். கீழ் ஏக்கர் முழுக்கக் காய்ந்த குச்சி. அப்பா வயலுக்குள் குனிந்து நின்று ஏதோ செய்துகொண்டிருந்தார். கிட்டே போய்ப் பார்த்தால், செத்துப்போன செடிகளில் கட்டியிருந்த சேலைத் துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொண்டிருக்கிறார். அந்த வருஷம் விதைக்குத் தேர்ந்தெடுத்த செடிகள் பெரும்பாலும் அந்த ஏக்கரில்தான் இருந்தன. என்னைத் திட்டவில்லை. "விதைக்கு நின்ன செடி தம்பி" என்றார். அவ்வளவுதான். சர்வே கேம்ப்பில் வெயிலில் நின்று லெவல் எடுத்தவன், தண்ணீர் எங்கே நிற்கும் என்று கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன், சொந்த வயலின் பள்ளத்தைப் பார்க்காமல் போனில் தண்ணீர் திறந்துவிட்டேன்.

அடுத்த வாரம் பக்கத்து ஊருக்கு வந்திருந்த ஒரு வேளாண் விஞ்ஞானி அம்மையாரை, சித்தப்பா கெஞ்சிக் கூத்தாடி எங்கள் வயலுக்கு அழைத்து வந்தார். நானும் லீவு போட்டு இருந்தேன். அவர் வந்ததும் வயலுக்குள் இறங்கவில்லை. வரப்பு மேல் நின்று பத்து நிமிஷம் சும்மா பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "தண்ணி எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓடுது?" என்று கேட்டார். வெட்கமாகப் போய்விட்டது. அது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அன்று அவர் சொன்ன ஒரு வார்த்தை என் மனதில் பதிந்துவிட்டது. "சார், செடி வாடுறதுங்கறது மனுஷனுக்குக் காய்ச்சல் மாதிரி. அது நோய் இல்ல, நோயோட அடையாளம். காய்ச்சலுக்கு மலேரியா மாத்திரை கொடுத்தா, டைபாய்டு போகுமா?"

வேர் கெட்டால் மேலே தண்ணீர் ஏறாது. மண்ணில் தண்ணீர் இல்லாவிட்டாலும் ஏறாது. மேலே இருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே மாதிரி வாட்டம்தான். வித்தியாசம் மண்ணுக்குக் கீழே இருக்கிறது. அதைப் பார்க்கும் முறையை அன்று அவரிடமும், பிறகு படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் கற்றுக்கொண்டேன். எந்த லேபும் இல்லாமல் ஒரு மண்வெட்டி, ஒரு வாளித் தண்ணீர், ஒரு பிளேடு, ஒரு கண்ணாடி டம்ளர் இவற்றை வைத்தே பாதி தூரம் போய்விடலாம். வரிசையாகச் சொல்கிறேன். விழா மலரில் அச்சாகப் போவதால் ஊருக்கு எடுத்துப் போய்ப் படித்துக் காட்டுங்கள்.

முதலாவது, வரப்பில் நின்று பாருங்கள். செத்த செடிகள் பள்ளத்திலும் தண்ணீர் ஓடும் திசையிலும் வரிசையாக இருந்தால், தண்ணீரில் பரவும் நோய் என்று சந்தேகப்படலாம். வட்டம் வட்டமாகத் திட்டுத் திட்டாக இருந்தால் மண்ணில் படர்ந்து போகும் பூஞ்சாணமாக இருக்கலாம். பள்ளத்தில் உள்ள செடிகள் எல்லாம் மழை பெய்த ஓரிரு நாளிலேயே ஒன்றாக வாடினால், நோயே இல்லாமல் வேருக்குக் காற்றில்லாத மூச்சுத்திணறலாகவும் இருக்கலாம். அப்போது மருந்து வீண், வடிகால்தான் வைத்தியம்.

இரண்டாவது, சரியான செடியைத் தேர்ந்தெடுங்கள். முழுக்கச் செத்த செடி உதவாது. செத்த வேரில் ஊரில் உள்ள பூஞ்சாணம் எல்லாம் குடியேறிவிடும். கொன்றவன் யார், பிறகு வந்தவன் யார் என்று தெரியாது. பாதி வாடிய செடி இரண்டும், பக்கத்திலேயே நன்றாக நிற்கும் செடி ஒன்றும் எடுங்கள். நல்ல வேர் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் கெட்ட வேர் தெரியும்.

மூன்றாவது, பிடுங்காதீர்கள், தோண்டுங்கள். பிடுங்கினால் அழுகின சல்லிவேர் மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும். நாம் பார்க்க வேண்டியதே அதைத்தான். ஒரு சாண் தள்ளி மண்வெட்டியைப் போட்டு மண்ணோடு பெயர்த்தெடுத்து, வாளியில் அமுக்கி மெதுவாக அலசுங்கள்.

நான்காவது, வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக இருக்கும், இழுத்தால் அறாது. பழுப்பாகிக் கொழகொழவென்று, விரலால் இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று நடுவில் நூல் மட்டும் நின்றால், பித்தியம் அல்லது ஃபைட்டோப்தோரா வகையாக இருக்கலாம். ஈர மண்ணின் நோய்கள் இவை. நாற்றங்காலில் இளநாற்று தூரில் அழுகிச் சாய்வதற்கும் பெரும்பாலும் பித்தியமே காரணம். வேரில் முடிச்சு முடிச்சாக வீக்கம் இருந்தால் அது பூஞ்சாணமே இல்லை, வேர்முடிச்சு நூற்புழு.

ஐந்தாவது, தூரைப் பாருங்கள். மண்ணைத் தொடும் இடத்தில் தண்டைச் சுற்றிக் கறுத்த பட்டை போல் அழுகியிருந்து, இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென்று தொங்கினால், ஃபைட்டோப்தோரா. தூரைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு நூல் படர்ந்து, அதில் கடுகு மாதிரிப் பழுப்பு உருண்டைகள் இருந்தால், ஸ்க்ளிரோஷியம். இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானியே வேண்டாம். கடுகு தெரிந்த யாரும் போதும். ஆணிவேர் காய்ந்து முறுமுறுவென்று, பட்டையை உரித்தால் உள்ளே கரித்தூள் தூவிய மாதிரிக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால், மேக்ரோஃபோமினா. இது வறட்சியிலும் சூட்டிலும் வருகிற உலர் வேரழுகல்.

ஆறாவது, தண்டை நீளவாக்கில் பிளேடால் கீறிப் பாருங்கள். அடி இலைகளிலிருந்து மஞ்சளாகி, சில சமயம் ஒரு பக்கமாக, நாள்கணக்கில் வாடிவந்த செடியின் தண்டுக்குள் தண்ணீர் ஏறும் குழாய்கள் பழுப்புக் கோடாகத் தெரிந்தால், அது ஃபியூசேரியம் வாடல். ஆரம்பத்தில் வேர் வெளியே நன்றாகவே தெரியும், குழாய்தான் அடைத்திருக்கும்.

ஏழாவது, டம்ளர் சோதனை. தூருக்கு மேல் ஒரு துண்டு தண்டை வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள டம்ளரில் வெட்டுமுனை தண்ணீரைத் தொடும்படி பிடியுங்கள். சில நிமிஷத்தில் வெட்டுமுனையிலிருந்து பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். பூஞ்சாணக் கொல்லி எதை ஊற்றினாலும் அதற்குக் கேட்காது. பூஞ்சாண வாடலில் இந்தப் பால் நூல் வராது.

எட்டாவது, சந்தேகம் தீராவிட்டால் அனுப்புங்கள். பித்தியமா ஃபைட்டோப்தோராவா என்பதைக் கண்ணால் பிரிக்க முடியாது, மைக்ராஸ்கோப் வேண்டும். ஒரு நோய்க்கு மேல் நோய் ஏறியிருந்தாலும் நம்மால் சொல்ல முடியாது. வேரை ஒட்டிய மண்ணோடு எடுத்து, காகிதத்தில் சுற்றி, பிறகு பாலிதீன் பையில் போட்டு, வெயில் படாமல் ஓரிரு நாளுக்குள் பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறைக்கோ கொண்டுசேருங்கள். கூடவே ஒரு சீட்டில், எப்போது மழை, எப்போது தண்ணீர், என்ன மருந்து ஊற்றினீர்கள், முன்பு என்ன பயிர் என்று எழுதி வையுங்கள். டாக்டரிடம் போனால் பழைய சீட்டைக் கேட்கிறார் அல்லவா, அதுபோல.

சரி, எங்கள் வயலுக்கு வருகிறேன். கீழ் ஏக்கரில் தோண்டிய வேர் கொழகொழத்து, தூர் கறுத்திருந்தது. மாதிரி அனுப்பினோம். ஃபைட்டோப்தோரா என்று பதில் வந்தது. ஆனால் அன்று அந்த அம்மையார் மேட்டு ஏக்கருக்கும் நடந்தார். அங்கேயும் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செடி வாடியிருந்தது. அதே நோய் மேலேயும் ஏறிவிட்டது என்று பயந்து, அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் வைத்திருந்தோம். தோண்டிப் பார்த்தால் வேர் காய்ந்து முறுமுறுவென்று இருக்கிறது. பட்டைக்கு அடியில் கரித்தூள். அவர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "நீங்க தண்ணி விட்டது கீழே. விட வேண்டியது மேலே."

நண்பர்களே, ஒரே வயல், ஒரே ரகம், ஒரே வாட்டம். வைத்தியம் மட்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். போட்டோவைப் பார்த்துச் சொன்ன ஆலோசனை இரண்டு இடத்திலும் தப்பாகப் போனது.

அடுத்து, அந்த மருந்து ஏன் கேட்கவில்லை? இங்கே கெமிஸ்ட்ரி சார் உட்கார்ந்திருப்பதால் கவனமாகச் சொல்கிறேன். ஃபைட்டோப்தோராவும் பித்தியமும் பார்வைக்குப் பூஞ்சாணம் போல இருந்தாலும் உண்மையில் பூஞ்சாணக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. பூஞ்சாணத்தின் செல்சுவரில் கைட்டின் முக்கியம். இவற்றின் சுவரில் செல்லுலோஸ். பாசி வகைகளுக்கு உறவுக்காரர்கள். நீர்ப்பூஞ்சாணம் என்று வைத்துக்கொள்ளலாம். ஃபைட்டோப்தோராவின் வித்துகளுக்கு இரண்டு வால் உண்டு, தேங்கிய தண்ணீரில் நீந்தியே அடுத்த செடியின் வேருக்குப் போய்விடும். நான் திறந்துவிட்ட குட்டைத் தண்ணீர் அவற்றுக்கு நாலுவழிச் சாலை. நான் ஊருக்குப் போட்ட ரோட்டைவிட வேகமாக அந்த ரோட்டை உபயோகித்துவிட்டன.

கார்பென்டாசிம் உண்மையான பூஞ்சாணங்கள் பலவற்றின் செல் பிரிவதைத் தடுக்கும் மருந்து. நீர்ப்பூஞ்சாணத்தை அது தொடாது. அதற்கு மெட்டலாக்சில் போன்ற வேறு வகை மருந்து வேண்டும். அதே மெட்டலாக்சிலை ஃபியூசேரியம் வாடலுக்கு ஊற்றினால் அதுவும் வீண். ஆகவே எங்கள் வீட்டில் கைமாற்று வாங்கி ஊற்றிய இரண்டு டப்பாவும் மண்ணுக்குப் போனதே தவிர நோய்க்குப் போகவில்லை. கடைக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? "வாடுது, மருந்து கொடுங்க" என்றுதான் நாங்கள் கேட்டோம். "வேர் இப்படி இருக்கு" என்று சொல்லவில்லையே.

இந்த விஷயத்தைத் தேடிப் படிக்கும்போது எனக்கு ஒரு பெரியவர் அறிமுகமானார். பழைய மாணவர் கூட்டத்தில் அவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பெயர் ஃபேபியன் கார்சியா. மெக்சிகோவில் 1871-இல் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, பாட்டியோடு அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பகுதிக்கு வந்தவர். அங்கே புதிதாகத் தொடங்கிய விவசாயக் கல்லூரியில் 1894-இல் பட்டம் பெற்று வெளியே வந்த முதல் செட்டில் அவரும் ஒருவர். படித்த கல்லூரியிலேயே பணியில் சேர்ந்து, அதன் ஆராய்ச்சி நிலையத்துக்கு இயக்குநராகவும் ஆனார். 'நியூ மெக்சிகோ நம்பர் 9' என்ற மிளகாய் ரகம் அவர் தேர்ந்தெடுத்துத் தந்ததுதான். அந்த ஊர் மிளகாயிலும் இதே வாடல் நோய்தான் பெரிய தலைவலி. அங்கே வாடிய செடிகளிலிருந்து எடுத்த கிருமியைத்தான் லியோனியன் என்ற விஞ்ஞானி 1922-இல் ஆராய்ந்து 'ஃபைட்டோப்தோரா கேப்சிசி' என்று பெயரிட்டார். அதாவது எங்கள் கீழ் ஏக்கரைத் தின்ற அதே ஆசாமி. கார்சியா 1933-இல் வெளியிட்ட சிறு வெளியீட்டில், சாகுபடி முறையை மாற்றியே இந்த வாடலைக் குறைக்கும் வழியைச் சொன்னார். உயரமான பார் எடுத்து அதன் மேல் செடியை வை, தண்ணீர் தூரைத் தொடாமல் பார்த்துக்கொள் என்பதே அதன் சாரம். மருந்து டப்பா கிடைக்காத காலத்தில், மண்வெட்டியாலும் மட்டத்தாலும் செய்த வைத்தியம். இதைப் படித்தபோது சிவில் படித்தவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கடைசியில் தன் சொத்தை ஏழை மாணவர்கள் தங்கும் விடுதிக்காக அந்தக் கல்லூரிக்கே எழுதி வைத்துவிட்டுப் போனார். நம் சங்கப் பொருளாளர் கவனத்திற்கு இதைச் சமர்ப்பிக்கிறேன்!

(கைதட்டல்)

இன்னொரு செய்தியும் இருக்கிறது. இந்த ஃபைட்டோப்தோராவுக்கு வலுவாக எதிர்த்து நிற்கும் மிளகாய் ஒன்றை உலகம் முழுவதும் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துகிறார்கள். பெயர் 'கிரியோல்லோ டி மொரெலோஸ் 334'. மெக்சிகோவின் மொரெலோஸ் மாநிலத்து நாட்டு ரகத்திலிருந்து வந்தது. கிரியோல்லோ என்றால் அந்த ஊர் விவசாயிகள் பேச்சில் நம்ம 'நாட்டு' என்று வைத்துக்கொள்ளுங்கள். காய் சிறுசு, சந்தையில் பெரிய விலை போகாது. ஆனால் அதன் வேரில் இருந்த எதிர்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்கவில்லை. 2014-இல் மிளகாயின் மரபணுத் தொகுதியைக் கொரிய விஞ்ஞானிகள் முழுமையாகப் படித்து வெளியிட்டபோது, அதற்கு எடுத்துக்கொண்டதும் இந்த ரகத்தைத்தான். யாரோ ஒரு மெக்சிகோ விவசாயியின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக விதை எடுத்து வைத்திராவிட்டால் இது கிடைத்திருக்குமா?

அதைப் படித்தபோதுதான், அப்பா அவிழ்த்த துணிகளின் அர்த்தம் எனக்கு முழுசாகப் புரிந்தது. எங்கள் முண்டு மிளகாய்க்குள் என்னென்ன குணம் இருக்கிறது என்று இன்றைக்கு யாருக்குத் தெரியும்? வறட்சியைத் தாங்கும் என்று தெரியும். மற்றது? புவிசார் குறியீட்டுச் சான்றிதழ் பெயரைக் காப்பாற்றும். விதையைக் காப்பாற்றுவது வயலில் நிற்கும் மனிதர்தான். நோயைத் தப்பாகக் கணித்து ஒரு வயல் போனால், ஒரு வருஷத்து வருமானத்தோடு அந்தக் குடும்பத்து விதையும் போகிறது.

பிறகு என்ன செய்தோம்? அந்த வருஷம் மேட்டு ஏக்கரில் ஆங்காங்கே தப்பி நின்ற செடிகளில் ஏழெட்டில் துணி இருந்தது. அதிலிருந்து விதை எடுத்தோம். எங்களிடம் முன்பு விதை வாங்கிப்போன பக்கத்து ஊர் மாமா ஒருவர், ஒரு படி வத்தலைத் தானாகக் கொண்டுவந்து கொடுத்தார். "உங்க வீட்டு வெதைதானப்பா, வட்டியோட வச்சுக்க" என்றார். அன்றைக்குத்தான் அம்மா சிரித்தார்கள்.

நான் டியூபில் தண்ணீர் ஊற்றி வயலின் மட்டம் பார்த்தேன். மேல்கடைசிக்கும் கீழ்க்கடைசிக்கும் ஒன்றரை அடி வித்தியாசம். முப்பது வருஷம் அந்த வயலில் ஓடி விளையாடிய எனக்கு அது தெரியாது. கீழ்வரப்பை ஒட்டி வடிகால் வெட்டினோம். இந்த நோயின் வித்து மண்ணில் பல வருஷம் தங்கும் என்பதால், கீழ் ஏக்கரில் மிளகாயை நிறுத்திவிட்டு நெல் போட்டோம். தக்காளி, கத்தரி, பூசணியும் போடக்கூடாது. அவற்றையும் இது பிடிக்கும். மேல் ஏக்கரில் பார் எடுத்து விதைத்தோம். விதைக்குக் கிலோவுக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடி கலந்தோம். ஹெக்டேருக்கு இரண்டரைக் கிலோ என்ற கணக்கில் அதையே மக்கிய தொழுவுரத்தோடு கலந்து மண்ணிலும் போட்டோம். அது கெட்ட பூஞ்சாணத்தைத் தின்று வாழும் நல்ல பூஞ்சாணம். முன்கூட்டியே போட்டால் காவல், நோய் முற்றிய பிறகு போட்டால் பிரயோஜனம் குறைவு. ரசாயன மருந்து தேவைப்பட்டால், நோயின் பெயர் தெரிந்த பிறகு, வேளாண் அலுவலர் சொல்கிற அளவில் மட்டும் என்று வைத்துக்கொண்டோம்.

எல்லாம் அற்புதமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். இன்றைக்கும் வருஷத்துக்குப் பத்து இருபது செடி போகத்தான் செய்கிறது. ஆனால் போகிற செடி எதனால் போகிறது என்று தெரிகிறது. பத்து செடி இருநூறு ஆகாமல் நிற்கிறது.

நண்பர்களே, முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து போன் வந்தால் இனிமேல் பதில் சொல்லாதீர்கள், கேள்வி கேளுங்கள். எந்தப் பக்கம் வாடியது? தண்ணீர் எங்கே நின்றது? இலை பச்சையாகத் தொங்குகிறதா, மஞ்சளாகி வாடுகிறதா? தோண்டிப் பார்த்தீர்களா? வேர் என்ன நிறம்? இந்த ஐந்து கேள்விக்கும் பதில் வரும்வரை நம் இன்ஜினியரிங் மூளையைக் கொஞ்சம் பூட்டி வைப்போம். பாலத்தில் விரிசல் என்று போன் வந்தால், பார்க்காமல் சிமெண்ட் பூசச் சொல்வோமா? அப்பாவின் வயலுக்கு மட்டும் ஏன் அப்படிச் சொல்கிறோம்?

போன மாதம் அப்பா பேசினார். "தம்பி, மேல்கடைசியில ரெண்டு செடி தொவண்டிருக்கு" என்றார். நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே, "நீ ஒண்ணும் சொல்ல வேணாம், நான் தோண்டிப் பாத்துட்டேன். வேருல முடிச்சு இருக்கு, பூச்சிதான். ஆபீசர்ட்ட காட்டப் போறேன். சும்மா உனக்குத் தகவல் சொன்னேன்" என்று போனை வைத்துவிட்டார்.

என் பொறியியல் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சான்றிதழ் இதுதான்.